டொக் என்ற மணி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் வார்ப்பிரும்பில் மணி செய்து மாட்டினார்களாம், அடித்தால் ‘டொக்’ என்றதாம். பேருந்தில் யாரோ சொல்லக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேறென்ன வேலை!

2

முதல் வரி: ‘1961. விருதுநகரில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்த வேதமாணிக்கம் ஒரு முட்டாள்…’

(அடித்துவிட்டேன். சிவகாசி அச்சகங்களுக்கு அவர் வார்த்துக் கொடுத்த அடிச்சட்டத்தின் மேல் இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆடாது.)

[அடிக்குறிப்பு மாதிரி: இந்த வார்ப்பிரும்பை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். பொடிப்பொடியான கரிச் செதில்கள் அதில் பரவிக் கிடக்கும். அவை அதிர்வை விழுங்கிவிடும். இயந்திரத்துக்கு அது நல்லது. மணிக்கு அதிர்வுதான் உயிர்.]

அப்படியானால் அந்த மணியைத் தெரியாமலா செய்தார்? இந்த இடத்தில் பாத்திரத்தை நம்ப முடியாமல் பேனாவை மூடிவைத்தேன். பிறகு தோன்றியது: ஆயுசு முழுக்கச் சத்தம் போடக் கூடாத பொருள்களையே வார்த்தவர் அவர். தடிமனாக வார்த்தால் சத்தமும் கனமாக வரும் என்று நினைத்திருப்பார். ஆசையாகக் காணிக்கை கொடுத்தார். முதல் அடியிலேயே சபை சிரித்தது. அதன்பின் அவர் கோயில் பக்கம் தலைகாட்டவில்லை.

3

சும்மா இருந்தவருக்கு ஒரு கல்யாணத்தை வைத்தேன். மகள் ஞானஜோதிக்கு. அந்தச் சபையில் மணப்பெண் வாசலில் கால் வைக்கும்போது மணி அடிப்பார்கள். பெண்ணின் பெயர் கெட்டு அவசரமாக நடக்கும் கல்யாணத்துக்கு மட்டும் அடிப்பதில்லை.

“அந்த மணிய அடிக்கக் கூடாது. அடிச்சா நான் வரல” என்றார் வேதமாணிக்கம்.

“அடிக்கலேன்னா ஊரு என்னைய என்ன பேசும்? அதை நெனைச்சீகளாப்பா?” என்றாள் மகள்.

கல்யாணத்தன்று அவர் வந்தார்.

4

முடிவு ஒன்று: மணி கணீரென்று… (பொய். இரும்பு என் இஷ்டத்துக்கு ஒலிக்காது.)

முடிவு இரண்டு: பக்கத்து ஊரிலிருந்து வெண்கல மணி இரவல் வாங்கி… (மானம் இன்னொரு முறை போகும்.)

கடைசியில் எழுதியது இது. வாசலில் ஞானஜோதி. மணியடிக்கும் யோபு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அண்ணாச்சி, அடிக்கவா, வேண்டாமா? சொல்லுங்க.”

சிலர் இப்போதே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். வேதமாணிக்கம் மகளைப் பார்க்கிறார். “இங்கன தாலே” என்று கயிற்றை வாங்கித் தானே

(இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதரை அதே அவமானத்துக்குள் மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். மகளுக்காக அவர் இழுத்துவிடுவார். அந்தச் சத்தம் வரும்போது உள்ளே இருக்க எனக்கு முகமில்லை. நீங்கள் இருங்கள். இழுத்ததும் அவர் திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.)