கப்பல்காரரின் மூன்று கார்டுகள்

இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் ஃபிட்டராக இருந்த மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இந்தத் தடவை லீவில் வரவில்லை. பழசாகிவிட்டது என்று கம்பெனி கப்பலை உடைப்பதற்கு விற்றுவிட்டது. அதில் இருந்தவர்களின் வேலையும் அதோடு போயிற்று. அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வார்கள். கப்பல் போன பிறகும் பெயர் போகவில்லை.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அதில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. வருவார், ஒன்றரை மாதம் விருந்தாளி மாதிரி இருப்பார், போய்விடுவார். இப்போது விருந்தாளி இங்கேயே தங்கிவிட்டார். சிக்கலே அதில்தான்.

விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். எழுந்து எஞ்சின் அறையில் ரவுண்டு போகிற மாதிரி வீட்டைச் சுற்றுவார். குழாய் சொட்டுகிறதா, ஃப்ரிட்ஜ் என்ன சத்தம் போடுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பார். சாப்பிடும்போது வலது கை தட்டில், இடது கை தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி இருக்கும். கப்பல் ஆடினால் கவிழ்ந்துவிடுமே. முதல் வாரத்தில் வீட்டிலிருந்த கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

"ஏங்க, வாசக் கதவு கிரீச்னு கத்தினாத்தான் வாலு வந்துட்டான்னு எனக்குத் தெரியும். இப்ப அவ எப்ப வர்றா, எப்ப போறான்னே தெரியல" என்றாள் மனைவி.

வாலு அவர்கள் மகள். பதினாறு வயது. எண்ணெய் விட்டதில் அவள் ஒருத்திக்குத்தான் சந்தோஷம்.

மறுநாள் சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவி உப்பைத் தேடித் தேடி ஓய்ந்துபோனாள்.

"மூணாவது தட்டு, இடப்பக்கம் ரெண்டாவது!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"உயரம் பாத்து யாராவது உப்பு வைப்பாங்களா?"

"அப்பா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நாம என்ன நடுக்கடல்லயா நிக்கிறோம்?" என்றாள் வாலு.

அதுதான் அவருக்கு முடியாத காரியம். இருபத்திரண்டு வருஷம் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவருக்குத் தெரிந்த குரல் அது ஒன்றுதான். ரகசியம் சொன்னாலும் இரண்டு மாடிக்குக் கேட்கும்.

அந்தக் குரல்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது. பதினோராம் நாள் மாலை ஒரு போன் வந்தது. திரையில் பேங்கின் பெயர். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இல்ல மேடம், ஓடி ஒளியல! வேலை போயிருச்சு, அதான்! மூணு கார்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், அடுத்த மாசம் ஏதாவது கட்டிடறேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மேல்மாடி டீச்சர் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரும்பினால், கதவுக்குப் பின்னால் துவைத்த துணி வாளியோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். "உள்ள வாங்க. அந்த மூணையும் எடுத்துட்டு வாங்க."

சாப்பாட்டு மேஜையில் மூன்று கிரெடிட் கார்டுகளையும் வைத்தார். முதல் கார்டில் சாமான் வாங்கியது. இரண்டாவதும் அதே. மூன்றாவது, முதல் இரண்டையும் சமாளிக்க வாங்கியது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தார். வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிருந்தது. மொத்தம் அவருடைய எட்டு மாதச் சம்பளம்.

"அப்படி என்னதான் வாங்குனீங்க?"

அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். துறைமுகத்துக்குத் துறைமுகம் வாங்கிய சென்ட், அவளுக்கு இரண்டு கைக்கடிகாரம், வாலுவுக்கு டெலஸ்கோப், கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் மசாஜ் நாற்காலி.

"அந்த சென்ட்டைப் போட்டா எனக்குத் தும்மல் வரும்" என்றாள் அவள். "ஒரு நாளும் போட்டதில்ல."

"சொல்லியிருக்கலாமே!"

"ஆசையா வாங்கிட்டு வந்து நிப்பீங்க. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"ஒன்பது மாசம் கழிச்சு வந்து வெறுங்கையோட வாசல்ல நிக்க வெட்கமா இருக்கும். அதான்..."

அவள் எழுந்து கத்திரிக்கோலை எடுத்து வந்து மூன்று கார்டுகளையும் இரண்டாக வெட்டினாள். "நாளைக்கு பேங்க்ல நான் பேசறேன். நீங்க பேசினா ஊருக்கே தெரியும்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார்.

சொன்னபடியே பேசினாள். கண்ணாடிக் கடையில் கண் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு. வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பழகியவள். மூன்று பாக்கியையும் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றவைத்தாள். மசாஜ் நாற்காலியும் கடிகாரங்களும் விலை போயின. டெலஸ்கோப்பையும் விற்றுவிடச் சொல்லி வாலுவே கொண்டுவந்து வைத்தாள். அம்மாதான் அதைத் திருப்பி அவள் அறைக்கே அனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி டீச்சர் இறங்கி வந்தார். "தப்பா நினைக்காதீங்க சார், அன்னிக்கு நீங்க பேசினது காதுல விழுந்துச்சு. எங்க வாஷிங் மெஷின் ஒரு வாரமா தண்ணிய வெளிய விட மாட்டேங்குது. நீங்க மெஷின் வேலை தெரிஞ்சவராச்சே."

கப்பல்காரர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வீடு அளவுக்குப் பெரிய எஞ்சினைப் பிரித்து மாட்டியவருக்கு இது எம்மாத்திரம்? தண்ணீர் வெளியேற்றும் பம்பைக் கழற்றினார். உள்ளே ஒரு தலைமுடி கிளிப்பும் ஒரு சின்ன சாக்ஸும் இருந்தன. அரை மணி நேரத்தில் மெஷின் சுழன்றது. டீச்சர் பணத்தை நீட்டியதும் பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கிப் படியிறங்கி வந்துவிட்டார்.

"அக்கம்பக்கத்துல போய்க் காசு வாங்கறதா?" என்றார் மனைவியிடம்.

"பேங்க்காரங்களுக்கு அக்கம்பக்கம் எல்லாம் தெரியாதுங்க." அவள் ஒரு தாளை எடுத்து எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதி, கருவிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டினாள். "வாயால கேக்க வேணாம். பெட்டியைத் திறந்து வையுங்க. அவங்களே படிச்சுக்குவாங்க."

படித்துக்கொண்டார்கள். மாதம் ஐந்தாறு மெஷின் வந்தது, பிறகு பத்து. ஆனாலும் தவணை கட்டியதும் கையில் ஒன்றும் மிஞ்சாது. மிச்ச நேரத்தில் வீட்டில் யார் காலிலும் இடறாமல் எங்கே இருப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு அறையாக நகர்ந்துகொண்டிருப்பார்.

ஆறாவது மாதம், கப்பல்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் போன் பண்ணினார். வேறொரு கம்பெனி, ஒன்பது மாத ஒப்பந்தம், முன்பைவிட நல்ல சம்பளம். கப்பல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. போய் வந்தால் கடன் முழுக்க ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். அன்று மாலையே மனைவியிடம் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "போறதுன்னா போங்க. ஆனா கடனுக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. கடன் எப்படியும் அடையும். வீட்ல இருக்கத் தெரியாமத்தான் போறீங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்.

கம்பெனி டாக்டரிடம் போவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஏஜென்ட். வேறு கடைக்குப் போகலாம் என்றால் அங்கே பணம் கேட்பார்கள். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் மனைவியின் கடைக்குப் போனார்.

அவள் வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. வெள்ளைக் கோட்டில் யாரோ போல இருந்தாள். அவருக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு முதியவரிடம் அதே கேள்வியை ஐந்தாறு தடவை கேட்டும் அவள் முகம் கோணவில்லை. கடை முதலாளியே அவளிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார். இவருடைய முறை வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, வில்லை மாற்றிப் பார்க்கும் கனமான கண்ணாடிச் சட்டத்தை அவர் காதில் மாட்டினாள்.

"இது தெளிவா, இல்ல இது தெளிவா?"

"முதல்ல போட்டது."

"மெதுவாங்க. கடை முழுக்கத் திரும்பிப் பாக்குது." சொல்லிக்கொண்டே அடுத்த வில்லையை மாற்றினாள். "கிட்டத்துப் பார்வை போயிருக்கு. ரொம்ப நாளாவே இருக்கும். இப்ப பாருங்க."

எழுத்து அட்டையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. ஒரு சாண் தூரத்தில் அவள் முகம் இருந்தது. காதோரம் நரை. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, விரல் நகம் நீளத்துக்கு.

"இது என்ன?"

"எது?"

"புருவத்துக்கிட்ட."

"அதுவா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். அஞ்சு தையல். அது ஆச்சு நாலு வருஷம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க அப்ப நடுக்கடல்ல இருந்தீங்க. சொன்னா மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க? ராத்திரியெல்லாம் தூங்காம இருந்திருப்பீங்க. வாலுதான் கூட்டிட்டுப் போனா, ஆஸ்பத்திரிக்கு." பவர் எழுதிய சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். "தூரத்துப் பார்வை நல்லா இருக்கு. கப்பலுக்குத் தடையில்ல. நீங்க போகலாம்."

போகலாம் என்று அவள் சொன்னது நாற்காலியை விட்டு எழுந்து போவதையா, கப்பலுக்குப் போவதையா என்று தெரியவில்லை. தெருவுக்கு வந்தார். அப்போது பன்னிரண்டு வயது வாலு, ரத்தம் வழிகிற அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறாள். அந்த மாதத்தில் தான் எந்தத் துறைமுகத்தில் எந்த சென்ட் பாட்டிலுக்குக் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தோமோ என்று நினைத்தார். நடைபாதையில் நின்றபடியே ஏஜென்டுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஏஜென்ட் காரணம் கேட்டார். "வீட்ல வேலை இருக்கு" என்றார்.

மாலையில் மனைவி வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அவள் கைப்பையை வைத்துவிட்டு அவரையே சற்று நேரம் பார்த்தாள். கண் கலங்கிய மாதிரி இருந்தது; அதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டாள். "அப்ப காலையில வெங்காயம் நறுக்கிக் கொடுத்துட்டு, அப்புறமா உங்க மெஷினைப் பாக்கப் போங்க" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

ஒன்பது மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கடனுக்கு அதன் பிறகு ஒன்றே முக்கால் வருஷம் பிடித்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் எட்டு வாஷிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததால் அதற்கு மேல் இழுக்கவில்லை. இடையில் ஒரு மாதம் தவணை தவறி, அபராதம் கட்டினார்கள். இன்னொரு மாதம் வாலுவின் கல்லூரிக் கட்டணம் வந்து எல்லோரையும் முழி பிதுங்க வைத்தது. அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார், சுமாராகத்தான் வந்தது. மகளோடு சண்டை போட்டார், சமாதானமானார், மறுபடி சண்டை போட்டார்.

கடைசித் தவணை கட்டிய வாரத்திலேயே பேங்கிலிருந்து போன். புதிய கார்டு, இரண்டு மடங்கு வரம்பு, வாழ்நாள் முழுக்கக் கட்டணம் கிடையாது. போனை எடுத்தவள் மனைவி.

"ஏம்மா, ரொம்ப சந்தோஷம். எங்க வீட்ல கத்திரிக்கோல் மொண்ணையாயிடுச்சு. வேற வாங்கினதும் சொல்லி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று அவளுக்கு வார விடுமுறை. லாட்ஜில் ஒரு மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். கப்பல்காரர் கிளம்பும்போது அவளும் செருப்பை மாட்டினாள்.

"நீ எங்க?"

"சும்மாதான். டார்ச் பிடிக்கறேன். பம்புக்கு எவ்வளவு வாங்கறீங்கன்னும் பாக்கணும். ரெண்டு வருஷமா அதே ரேட்டா?"

"பழகின இடம்மா..."

"பழகின இடம்னா அவங்க ரூம் வாடகையைக் குறைக்கறாங்களா?"

வாடகைக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். அவள் பதில் சொன்னாள். கருவிப் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, தெரு முனை வரை விவாதித்துக்கொண்டே போனார்கள்.