ஐந்தாவது ஆள்

ஜூரி அறைக் கதவைச் சாத்தியதுமே யஹ்யாவுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் போலிருந்தது. மாத்தளை டவுனில் மிளகு வியாபாரம் பார்க்கிற மனிதனைப் பிடித்து வந்து, ஒரு பெண்ணின் தலைவிதியைக் கையில் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்?

இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் காத்தாயி, தூங்கிக்கொண்டிருந்த புருஷனைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்றுவிட்டாள். வாயைத் திறக்காதே என்று லோயர் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், "நான்தாங்க வெட்டுனேன். அடி தாங்க முடியல" என்று கூண்டிலேயே சொல்லிவிட்டாள். செய்தாளா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள், இரக்கம் உங்கள் வேலையல்ல என்று நீதிபதி ஜூரிகள் ஏழு பேரிடமும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாலு பேர் விட்டுவிடலாம் என்றார்கள். இரண்டு பேர் முடியவே முடியாது என்றார்கள். விடுவதற்கு ஐந்து பேர் வேண்டும். எல்லோரும் யஹ்யாவைப் பார்த்தார்கள்.

"செஞ்சேன்னு அவளே சொல்றா. செய்யலன்னு நாம எப்படிச் சொல்றது? குர்ஆன்ல சத்தியம் பண்ணிட்டுல்ல வந்து உட்கார்ந்திருக்கேன்" என்றார் யஹ்யா.

"அவ முதுகுல இருந்த தழும்பப் பத்தி டொக்டர் சொன்னதக் கேட்டீங்கதானே யஹ்யா நானா?" என்றாள் பள்ளிக்கூட ஆசிரியை கிருஷாந்தினி.

"என் தம்பிய அடிச்சுக் கொன்னவங்களையும் ஏழு பேர் இப்படித்தான் விட்டாங்க டீச்சர். நம்ம பக்கத்துப் பொடியன்கள், பாவம்னு சொல்லி."

பிளேன்டீ ஆறிப்போய்க் கிடந்தது. தம்பியின் வழக்கில் இருந்த அந்த ஏழு ஜூரிகளை யஹ்யா இன்றுவரை மன்னிக்கவில்லை. அதே வேலையைத் தானும் செய்வதா? ஆனால் தம்பியைக் கொன்ற அந்தப் பாவிகள் கடைசிவரை நாங்கள் செய்யவில்லை என்று சாதித்தார்கள். இவளோ, பொய் சொன்னால் தப்பலாம் என்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னாள். உண்மை பேசியதற்கா ஆயுசு முழுக்க மறியலில் கம்பி எண்ண வேண்டும்?

"சரி, என்னையும் சேர்த்துக்கங்க" என்றார் சலிப்போடு. "சத்தியத்த மீறினதுக்கு அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

சொன்ன பிறகும் மனது லேசாகவில்லை.

குற்றவாளியல்ல என்று அறிவித்தார்கள். லோயருக்கு வாயெல்லாம் பல். காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வராந்தாவில் யஹ்யாவைக் கண்டதும் வழிமறித்து நின்றாள்.

"ஐயா, புருஷன் அடிக்கிறான்னு பொலிஸுல எத்தன தடவ போய்ச் சொன்னேன், நம்பல. இப்ப வெட்டுனேன்னு நெசத்தச் சொன்னேன். நீங்களும் நம்பலயா?"

நம்பியதால்தான் விட்டோம் என்று நீதிமன்ற வாசலில் நின்று எப்படிச் சொல்வது? யஹ்யா தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.