அரைப் பேர்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் ஜீவராணியும் அவள் அம்மா மீனம்மாவும் ஏழு மணியிலிருந்து நின்றார்கள். பெஞ்ச் ஒன்று இருந்தது. அதில் உர மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. மீனம்மாவுக்கு முழங்கால் வலி. சுவரில் சாய்ந்தால் சேலையில் சுண்ணாம்பு ஒட்டும் என்று சாயவும் இல்லை. பெரிய கிளாக்கர் சண்முகராஜா ஒன்பதரைக்குத்தான் ஜன்னலைத் திறந்தார்.

மீனம்மாவுக்கு இந்த மாதத்தோடு அறுபது. பென்சன் என்று சொல்லிப் பேரை வெட்டிவிடுவார்கள். புருசன் செத்து ஆறு வருடம். வீட்டில் ஒருவர் பேராவது தொழிலாளர் பதிவில் இருந்தால்தான் தோட்டம் கொடுத்த ஒற்றையறை வீடான லயத்துக் காம்பிரா நிலைக்கும். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். மிச்சமிருப்பது ஜீவராணி மட்டும்தான். தோட்டத்தின் அந்த டிவிசனிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் அவள்.

திரும்பி இரண்டரை வருடமாகிறது. ஆசிரியர் பரீட்சை எழுதினாள், நேர்முகத்துக்கும் போனாள். பட்டியலில் அவள் இல்லை. கொழும்பில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. அவர்கள் சொன்ன சம்பளம் போர்டிங் வாடகைக்கே சரியாகிவிடும். இப்போது லயத்தில் எல்லோருடைய விண்ணப்பங்களையும் அவள்தான் நிரப்பிக் கொடுக்கிறாள். படித்த பிள்ளை என்று அதற்கு மட்டும் தவறாமல் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குத் தோட்ட வேலைக்கான தன் படிவத்தையும் அழகாகவே நிரப்பிக் கொடுத்தாள். கல்வித் தகைமை என்ற இடத்தில் ‘கலைமாணி’ என்று இருந்ததைப் பார்த்ததும் சண்முகராஜா கண்ணாடியைக் கழற்றினார். தோட்டத்தை நடத்தும் துரையின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இத அடிச்சிட்டு எட்டு வரைக்கும்னு போடும்மா.”

ஏன் என்று கேட்டாள்.

“டிகிரின்னு பாத்தா துரை கையெழுத்து வைக்க மாட்டாரு. நாளைக்கே ஓடிருவான்னுவாரு. போன மாசம் மேல் டிவிசன் புள்ள ஒன்ன அப்படித்தான் திருப்பி அனுப்புனாரு.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று புதுப் படிவம் ஒன்றையும் அவரே எடுத்து நீட்டினார்.

ஜீவராணி அம்மாவைப் பார்த்தாள். மகள் கேம்பஸில் படிக்கிறாள் என்று நாலு வருடம் மலை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் மீனம்மா. இப்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“எழுது பாப்பா. எழுதுனதால படிச்சது போயிராது.”

எழுதினாள். பொய் சொல்லி வேலை வாங்குகிறவர்கள் படிப்பைக் கூட்டித்தான் சொல்வார்கள். குறைத்து எழுதுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள். பள்ளிக்கூட லீவு நாட்களில் கொழுந்து எடுத்த பழக்கம் விரலுக்கு இருந்தது, தோளுக்கு இல்லை. பக்கத்து நிரையில் மீனம்மா அவ்வப்போது தன் கைக்கொழுந்தை மகளின் கூடையில் போட்டாள். நாள் முழுக்க நல்ல வெயில். பகலுக்குள் ஜீவராணியின் விரல் நுனிகள் கறுத்து வெடித்துவிட்டன.

சாயங்காலம் கடைசித் தடவையாகக் கொழுந்தைச் சாக்கில் கொட்டி நிறுத்தார்கள். திம்புள்ளைப் பக்கமிருந்து புதிதாக வந்த கணக்கப்பிள்ளை நிரஞ்சன் தராசுக்குப் பக்கத்தில் பெரிய புத்தகத்தோடு நின்றார். ஜீவராணிக்கு மூன்று நிறுவையும் சேர்த்து இருபத்தொரு கிலோ. பதினெட்டு இருந்தால் அன்றைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். தண்ணிக்கும் சாக்குக்கும் என்று நிரஞ்சன் நாலு கிலோவைக் கழித்துப் பதினேழு என்று எழுதினார்.

“இன்னைக்கு மழையே இல்லிங்களே ஐயா. சாக்கு ஒரு கிலோ கூட வராது. எப்படிங்க நாலு?” ஜீவராணி கேட்டாள்.

வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான். இத்தனை வருடத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நிரஞ்சன் நிமிர்ந்து பார்த்தார். புதுப் பேர் என்று ஆபீசிலிருந்து வந்த துண்டு புத்தகத்துக்குள் இருந்தது. எடுத்துப் படித்தார்.

“எட்டு வரைக்கும் படிச்சிட்டு எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?”

பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அவள் என்ன படித்தவள் என்று தெரியும். பாதிப் பேருடைய படிவங்களை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அவர்களில் காளியாயி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். மீனம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். காளியாயி வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் மலையைப் பார்த்தார்கள், தராசைப் பார்த்தார்கள், ஜீவராணியை மட்டும் பார்க்கவில்லை.

நிரஞ்சன் அவள் பேருக்கு நேரே அரை என்று போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.