ஹால்வரின் கராஜுக்கு எந்தச் சுவர்?

பக்கவாதம் வந்த பிறகு ஹால்வர் தன் மரவேலைக் கூடமான கராஜுக்குள் போகவில்லை. மினசோட்டாவில் எங்கள் தெருவுக்கே பறவைக்கூடு செய்து கொடுத்த மனிதர், செயலற்ற வலது கையை மடியில் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மறுபடி வேலையில் இறங்க வேண்டும் என்பதே மனைவி வெர்னாவின் ஜெபம். பனி விழும் முன்பு, உட்புறம் வெறும் மரச்சட்டங்களாக நின்ற அந்தக் கராஜுக்கு உட்சுவர் வைத்துக் கதகதப்பாக்கிவிடலாம் என்று சபையிலிருந்து நாங்கள் சிலர் கிளம்பினோம்.

பலகை வாங்கும் பொறுப்பு டெக்சஸிலிருந்து வந்திருந்த மருமகன் கோல்பிக்கு. வண்டி நிறைய ஜிப்சம் போர்டோடு வந்து இறங்கினான்.

ஹால்வர் கைத்தடியை ஊன்றி நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்ப நடந்தார்.

வெர்னாவின் முகம் வாடியது. "மாப்ளே, மாமாகிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவைதான் அத்தை. ஜிப்சமா, பிளைவுட்டான்னேன். எதுன்னாலும் சரின்னாரு."

எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"அட நல்லவனே! இந்த ஊர்ல காபி வேணுமான்னாகூட மூணு தடவை கேக்கணும். முதல்ல வேணாம்னுதான் சொல்லுவோம்" என்றார் பக்கத்து வீட்டு ரோல்ஃப்.

"அப்போ நேத்து நீங்க காபி வேணாம்னது?"

"தொண்டை வறண்டுதான்யா வீட்டுக்குப் போனேன்!"

கோல்பி ஓடிப்போய் மாமனாரை மறித்தான். "எந்தப் பலகை வேணும் மாமா?"

"எதுன்னாலும் சரி மாப்ளே."

"எந்தப் பலகை மாமா?"

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

"சிரமமே இல்ல. எந்தப் பலகை?"

ஹால்வர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிளைவுட். ஜிப்சம்ல கனமான சாமானை சட்டம் இருக்கிற இடத்துலதான் மாட்டலாம். பிளைவுட்ல நினைச்ச இடத்துல ஸ்க்ரூ இறங்கும். எல்லாத்தையும் இடது கைக்கு எட்டற மாதிரி மாட்டணும். வெள்ளை அடிச்சா வெளிச்சத்துக்கும் குறைவில்ல."

"இதெல்லாம் எப்போ யோசிச்சீங்க?" என்றார் வெர்னா.

"ஜன்னல்கிட்ட எனக்கு வேற என்ன வேலை?"

தயங்கும் மனதின் வாசலில் சற்றுக் கூடுதலாக நிற்பதும் ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம்தான்.

வீட்டை ஒட்டிய சுவருக்கும் உட்கூரைக்கும், தீயைத் தாங்கும் என்று ஜிப்சத்தையே வைத்தோம். மீதியைக் கடையில் கொடுத்து பிளைவுட்டாக மாற்றிவந்தான் கோல்பி. முதல் பலகை நின்றதும் ஹால்வர் டிரில்லை இடது கையில் வாங்கினார். ஸ்க்ரூ கோணலாக இறங்கியது. சரிசெய்ய நீண்ட ரோல்ஃபின் கையை வெர்னா பட்டென்று தட்டிவிட்டார்.

ஹால்வர் அதில் தன் ரம்பத்தை மாட்டினார். ரம்பம் விழாமல் நின்றது.

"சுத்தியல் எங்கே?" என்றார்.

அடுப்படியில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட உணவு பெரிய தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு நல்ல பசி. ஆனாலும் அவரைச் சாப்பிட வாருங்கள் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.