முதல் பஸ்ஸுக்கு ஒரு மிஸ்டு கால்

முதல் பஸ்ஸின் முன்விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சம் ரோட்டைத் தாண்டி வந்து மணியக்கா வீட்டு அடுப்பு மேல் விழும். அதுதான் கணக்கு. அடுப்பில் இருப்பது வெந்ததோ வேகவில்லையோ, அவள் கை போனுக்குப் போய்விடும். மாடிகளில் இருக்கிற நாலைந்து பெண்களுக்கு வரிசையாக மிஸ்டு கால். டிரைவர் இறங்கி ஒரு டீ குடித்து, ஒரு சிகரெட்டை இழுத்து முடிப்பதற்குள் எல்லாரும் தடதடவென்று படியிறங்கி வந்துவிடுவார்கள். யாரும் போனை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் காசு போகும் என்று இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். காசு போகாத காலம் வந்தபிறகும் எடுக்காமலிருப்பதே மரியாதை என்று ஆகிவிட்டது. தினமும் மணியடிக்கிறவள் என்பதால்தான் அவளுக்கு மணியக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருந்ததோடு சரி.

நகரத்துக்கு நடுவே சாக்கடைக் கால்வாய் ஓரம் குடிசை போட்டிருந்தவர்களையெல்லாம் ஒரு வெயில் காலத்தில் லாரியில் ஏற்றி, இந்த அடுக்குமாடிகளில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். வீடு இங்கே வந்துவிட்டது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. முன்பு நடந்து போய் நடந்து வந்த வேலைக்கு இப்போது விடியுமுன் பஸ் ஏறி, பாதித் தூக்கத்தை அதில் தூங்கி, மீதித் தூக்கத்தைத் திரும்பி வரும்போது தூங்க வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் மாட்டினதுதான்.

அன்றைக்கும் வெளிச்சம் அடுப்பு மேல் விழுந்தது. மணியக்கா போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி ஆயாவுக்கு அடித்தாள், மூன்றாம் மாடிக்கு அடித்தாள். கடைசியாக இருந்தது எதிர் பிளாக் நாலாம் மாடி. அங்கே இருந்த சின்னவளையும் எல்லாரும் நாலாம் மாடி என்றே கூப்பிடுவார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. பகலில் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிற கைக்குழந்தை ராத்திரியெல்லாம் படுத்தும். அதனால் மிஸ்டு கால் வரும்வரை ஒரு கண் மூடிக் கிடப்பாள். வந்ததும் விளக்கை ஒரு தடவை போட்டு அணைப்பாள். கிடைத்தது என்று அர்த்தம். அவள் ஜன்னலிலிருந்து பஸ் தெரியாது. மணியக்காவின் ஜன்னலிலிருந்து அவள் ஜன்னல் தெரியும்.

பெருவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் அவளையும் சின்னவளையும் கூப்பிட்டுப் பேசியிருந்தான். நகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருவருக்கும் கக்கூஸ் கழுவுகிற வேலை. ஆசிட் பட்டு மணியக்காவின் விரல் இடுக்குகள் வெந்துபோயிருந்தன. குனிந்து நிமிர்ந்து வலது முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. "மேல்மாடிக்கு ஒரு ஆள் வேணும். கண்ணாடி துடைக்கணும், கப் எடுத்து வைக்கணும், அவ்வளவுதான். உக்கார நாற்காலி இருக்கு. நாளைக்குக் காலைல பெரியவங்க வந்து ரெண்டு பேரையும் பாப்பாங்க" என்றான். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "நீ துடியா இருக்கே, உனக்குத்தான் கிடைக்கும்னு நெனைக்கிறேன். ஆனா ஒண்ணு, ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு. இனி ஒரு தடவை வந்தே, கேட்லயே கார்டைப் புடுங்கிடுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சின்னவள் மணியக்காவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேணாம்க்கா. நீங்க போங்க. நாளைக்கு நானே சொல்லிடறேன், அக்காவுக்குக் குடுங்கன்னு."

சுருக்கென்றது. இந்த வேலைக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தவள் மணியக்கா. தண்ணிக் குழாயடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்த ஊரிலிருந்தோ வந்து, எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற பெண். அவள் இன்றைக்கு நமக்குப் பிச்சை போடுகிறாள். அதுவும் சும்மா வாய்க்கு வருவதுதான். நாளைக்கு அந்த நாற்காலியைப் பார்த்தால் யார் வேண்டாம் என்பார்கள்? "பாக்கலாம், பாக்கலாம்" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

இப்போது விரல் இறங்கவில்லை. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு சோற்றுத் தூக்கை மூடினாள்.

கட்டிலில் கிடந்த புருஷன் கண்ணைத் திறந்தான். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போன மனுஷன். உடம்பு படுத்துவிட்டாலும் காது படுக்கவில்லை. "கடைசி மணி அடிக்கலயே?" என்றான்.

"அடிச்சாச்சு, அடிச்சாச்சு. நீ தூங்கு."

பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் சிகரெட்டைக் காலால் தேய்த்துவிட்டு ஏறி, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். "நாலாம் மாடி எங்கம்மா? வேணும்னா ரெண்டு நிமிஷம் நிக்கட்டுமா?"

அங்கேதான் ஒரு வழி இருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும். நிற்கிறேன் என்று அவனே சொல்கிறான். "அவளுக்கு உடம்பு சரியில்லயாம்ணே. நீங்க எடுங்க" என்று அவள் வாய் சொன்னது.

"நேத்து என் தோள்மேல வாயைப் பொளந்து தூங்கிட்டு வந்தாளே, நல்லாத்தான் இருந்தா" என்றாள் ஆஸ்பத்திரி ஆயா. "எச்சில் ஒழுகி என் ரவிக்கை நனைஞ்சதுதான் மிச்சம்." எல்லாரும் சிரித்தார்கள். மணியக்காவும் சிரித்தாள். பஸ் வளைவில் திரும்பும்போது நாலாம் மாடி ஜன்னல் இருட்டாகவே இருந்ததைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பெரியவர்கள் என்று வந்தது ஒரே ஒரு அம்மாள். மணியக்காவை மேலும் கீழும் பார்த்தாள், நகத்தைக் காட்டச் சொன்னாள், சரி என்றாள். வேலை அவ்வளவுதான். மேல்மாடியில் தரை முழுக்கக் கம்பளம், நடந்தால் தன் காலடியே தனக்குக் கேட்கவில்லை. அந்தக் கம்பளத்தில் நின்று சுவர் உயரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே கேட் பக்கம் பார்த்தாள். எறும்பு மாதிரி ஒருத்தி. முகம் தெரியவில்லை. ஆனால் சின்னவளின் மஞ்சள் பையை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள்; அதன் அறுந்த காதைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. ஓடிவந்திருக்கிறாள். வாட்ச்மேன் கையை நீட்டினான். கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகும் போகாமல் நின்றாள். எதையோ சொன்னாள், கையை ஆட்டிச் சொன்னாள். அந்தக் கண்ணாடி திறக்கிற கண்ணாடி இல்லை. ஒரு சத்தமும் மேலே வரவில்லை. மணியக்காவின் மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி மங்கிவிட்டது. துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது கேட்டருகில் வாட்ச்மேன் மட்டும் இருந்தான்.

அவளுக்கு நாற்காலி கிடைக்காமல் போகும் என்றுதான் நினைத்தோம், வேலையே போகும் என்று நினைத்தோமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கார்டைப் புடுங்கிடுவாங்க என்று சூப்பர்வைசர் சொன்னது காதில் விழவில்லையா? விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்வதற்கும் சின்னவள் வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். சண்டை போட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஆனால் சின்னவள் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, போனை அவள் முன்னால் நீட்டினாள்.

"இந்தச் சனியனைப் பாருங்கக்கா. நீங்க அடிச்சது வரவே இல்ல. கால் வந்த தடமே இல்ல. கடைக்காரன்கிட்ட காட்டினா, போன்ல ஒண்ணுமில்லம்மா, டவர் போயிருக்கும்ங்கறான். டவருக்கு என் வேலையை எடுக்கணும்னு என்ன விரோதம்?"

கட்டில் கிறீச்சென்றது. புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்கு அப்படித் திரும்புவது எவ்வளவு வலிக்கும் என்று மணியக்காவுக்குத் தெரியும்.

"சூப்பர்வைசர்கிட்ட நான் பேசறேன்" என்றாள்.

"வேணாம்க்கா. என் இடத்துக்கு அப்பவே ஆள் போட்டுட்டாங்களாம். கேட்ல காத்துக்கிட்டு நின்னுது ஒரு பொண்ணு, என்னை விடச் சின்னது." மூக்கை உறிஞ்சினாள். பிறகு முகம் மலர்ந்து, "மேல்மாடி உங்களுக்குத்தானாமே? வாட்ச்மேன் சொன்னான். அதுவாவது ஆச்சு. முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய சாமான் பிரிக்கிற கொட்டகையில் சின்னவளுக்கு வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் வேறு, இரும்பு வேறு, கண்ணாடி வேறு. குழந்தையைச் சாக்கு மேல் படுக்கப் போட்டுக்கொள்ளலாம். முன்னால் போகிறவர்களுக்குத்தான் நல்ல குவியல் கிடைக்கும் என்பதால் அவளும் விடியுமுன்பே எழுந்தாக வேண்டும். "எனக்கும் மணி அடிச்சுடுங்கக்கா. பழக்கமாயிடுச்சு. போன் நல்லா இருக்கான்னும் தெரிஞ்சுடும்" என்றாள்.

அதனால் மணியக்கா தினமும் அடித்தாள். முன்பு கடைசியாக அடிப்பவளுக்கு இப்போது முதலில் அடித்தாள். ஜன்னலில் விளக்கு ஒருமுறை எரிந்து அணையும். அது எரிகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். அணைந்ததும், போனில் ஒரு கோளாறும் இல்லை என்பது இன்னொரு நாள் உறுதியாகும். இது சின்னவளுக்கு எப்போது உறைக்கும் என்று காத்திருப்பதே பாதி வேலையாகிவிட்டது. சின்னவளின் விரலில் கண்ணாடி கிழித்துத் துணி சுற்றியிருந்தது. மணியக்காவின் விரல் இடுக்குகள் ஆறிவிட்டன. முட்டி வீக்கமும் வடிந்துவிட்டது. வடியாமலிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. யாரும் பார்க்காத நேரத்தில்கூட அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றே கிடந்தாள். அதனால் யாருக்கு என்ன லாபம்? சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் தீர்மானம் பண்ணுவாள். சொன்னால் தன் பாரம் இறங்கும், அவள் தலையில் ஏறும் என்று இறங்கும்போது நியாயம் கண்டுபிடித்துவிடுவாள். உண்மையில் பயம்தான். இந்தக் குடியிருப்பில் அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட அவளுக்கு வேறு ஆளில்லை.

ஒருநாள் சின்னவள் கொட்டகைக்குப் போகிற வழியில் குழந்தையோடு பஸ்ஸருகில் வந்து நின்றாள். ஆயாவைப் பார்த்து நாளாயிற்று என்று வந்தாளாம். ஜன்னல் வழியாக ஆயா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். டிரைவர் டீ கிளாஸோடு திரும்பி வந்தான்.

"என்னம்மா நாலாம் மாடி, ஆளையே காணோம்? அன்னிக்கு உடம்புக்கு முடியலன்னாங்க, அதோட வேலையையே விட்டுட்டியா?"

"எனக்கென்ன உடம்புக்கு? கல்லு மாதிரிதான் இருந்தேன். யாருண்ணே சொன்னா?"

"மணியக்காதான். நான் நிக்கறேன்னுகூடச் சொன்னேனே. உடம்பு சரியில்ல, எடுங்கன்னாங்க."

மணியக்கா ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த தூக்கின் மூடியைத் திருகினாள், அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அந்தக் கொட்டகையில் ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது எந்தக் குவியலில் போட வேண்டியது என்று பார்க்கிற பார்வை அது. ஆயா கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"ஆமாண்ணே, மறந்தே போச்சு" என்றாள் சின்னவள். "லேசா காய்ச்சல் இருந்துச்சு."

குழந்தையின் தலையில் துணியை இழுத்துவிட்டாள். கொட்டகைப் பக்கம் நடந்தாள். மஞ்சள் பை அவள் முட்டியில் இடித்து இடித்துப் போனது. பஸ் கிளம்பியது. ஆயா அன்றைக்கு வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தூங்கவில்லை.

மறுநாள் வெளிச்சம் அடுப்பு மேல் விழுந்தபோது மணியக்கா அதற்கு வெகுநேரம் முன்பிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அடிக்கலாமா? அடித்தால் எந்த முகத்தோடு அடிப்பது? அடிக்காமல் விட்டால் அது அன்றைக்குச் செய்ததையே இன்னொரு முறை செய்தது மாதிரி. கட்டிலிலிருந்து புருஷன் சொன்னான்: "அடி."

அடித்தாள். மணி போயிற்று. ஜன்னலில் விளக்கு எரியவில்லை. இரண்டு, மூன்று என்று மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒருநாளும் இத்தனை நேரம் விட்டதில்லை. துண்டித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோன நேரத்தில் மணி நின்றது. எடுத்துவிட்டார்கள்.

 அந்தப் பக்கம் குழந்தை தூக்கத்தில் மூக்கடைப்போடு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே இன்னொரு மூச்சு.

அடுப்பில் பொங்கி வழிந்தது. புருஷன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்கையை ஊன்றி எழ முயன்றான். வெளியே டிரைவர் ஹாரனை ஒருமுறை அடித்தான். எதிர் பிளாக்கில், நாலாம் மாடியில், விளக்கு எரிந்தது. இந்த முறை அணையவில்லை. காதோடு கையை வைத்தபடி ஒரு உருவம் ஜன்னலுக்கு வந்து, கீழே பார்த்து நின்றது.

மணியக்கா வாயைத் திறந்தாள். கையில் போனின் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.