படகு நின்ற இடம்

நான் சொல்லப்போவதில் பாதியாவது சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். அக்கா வீட்டு சோபா பச்சை நிறம் என்றே என் நினைவில் இருக்கிறது. அவளைக் கேட்டால், அது எந்தக் காலத்திலும் பச்சையாக இருந்ததில்லை, சாம்பல் நிறம், நீதான் அதன்மேல் பச்சைப் போர்வையை விரித்துக் கிடப்பாய் என்கிறாள். யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் படகு எங்கே நின்றது என்பதில் சந்தேகமே இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய ஊரின் கடைசித் தெருவில், தாழ்ந்த பாலத்துக்கு இந்தப் பக்கம்.

அது ஒரு வீடியோ கேம். அக்காவின் கணவர், என் அத்தான், தள்ளுபடியில் வாங்கியது. கேம் எதையும் அவர் தள்ளுபடியில்தான் வாங்குவார். எதையும் முடிக்க மாட்டார். டிவிக்குக் கீழே இரண்டு தட்டு நிறைய டிஸ்க்குகள் இருந்தன. சிலவற்றின் மேல் சுற்றியிருந்த தாளைக்கூடப் பிரித்திருக்கவில்லை. பிரித்தவற்றில் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு வீரன் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் வாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தான், அத்தான் திரும்பி வருவார் என்று.

"உங்களுக்கு வாங்குறதுதான் விளையாட்டு. விளையாடுறது வேலை," என்பாள் அக்கா.

"ஆரம்பம்தான் நல்லா இருக்கும். போகப் போக எல்லாம் ஒரே மாதிரிதான்."

"என்னையும் சேர்த்துத்தானே சொல்றீங்க?"

அத்தான் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். அந்த நாட்களில் அது சிரிக்கக்கூடிய பேச்சாகத்தான் இருந்தது.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரம் முழுவதும் இருட்டுக் குழிகளில் தலையை அண்ணாந்து வடத்தைப் பார்த்தபடி தனியாக வேலை செய்கிறவருக்குப் பேச்சு அவ்வளவாக வராது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். எனக்கும் வராது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பது இருவருக்குமே சௌகரியமாக இருந்தது.

அந்தப் படகு விளையாட்டை ஒருவர் தனியாக ஆட முடியாது. ஒருவர் துடுப்புப் போட வேண்டும், இன்னொருவர் விளக்கைப் பிடிக்க வேண்டும். மூழ்கிய வீடுகளின் மொட்டைமாடியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய், ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் சேர்க்க வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லை. படகு மோதினாலோ விளக்கு அணைந்தாலோ தெருமுனையிலிருந்து மறுபடி. அத்தானுக்குத் துடுப்பு, எனக்கு விளக்கு. மணிக்கணக்கில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்: "இடது." "மெதுவா." "பிடி."

அக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள்; ஞாயிறு ஒருநாள்தான் தனக்கென்று ஏதாவது தைப்பாள். தலையைத் தூக்காமலேயே சொல்வாள்.

"அந்த மாடியில ஒருத்தி கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறா. விட்டுட்டுப் போறீங்க."

"எங்க?"

"எங்கயா. கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவன்தானே நீ?"

திரும்பிப் போய் அவளை ஏற்றுவோம்.

"இது ஒண்ணையாவது முடிச்சிடணும், மாப்ளே," என்றார் அத்தான் ஒருநாள். அவர் வாயிலிருந்து 'முடிக்கணும்' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல்முறை. மிஷின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியதாக நினைவு. நினைவுதான்.

அந்த வருடக் கடைசியில் அக்கா இரண்டு பைகளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பேச்சே இல்லடா. மிஷின் பெடல் கத்துது, சரிபண்ணிக் குடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்குறேன். சரின்னு சொல்லுவாரு. அந்தச் 'சரி'யோட முடிஞ்சிடும். எனக்குப் பெடல் முக்கியம் இல்லைன்னு உனக்கே தெரியும்."

தெரிந்தது. நான் நெடுநேரம் எதுவும் சொல்லாமல் இருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "நீயும் ஆரம்பிச்சிட்டியா," என்றாள்.

பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அத்தான் என்னோடு உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே மௌனம்தான் அவளோடும் இருந்தது. எனக்கு அது ஓய்வு. அவளுக்கு அது பட்டினி. ஒரே பாத்திரத்திலிருந்து ஒருவர் குடித்துவிட்டுப் போக, இன்னொருவர் தாகத்தோடு எழுந்திருக்கிறார்.

சட்டப்படி எல்லாம் முடிந்தது. அக்கா என்னுடனே தங்கிவிட்டாள். யாரும் யாரையும் திட்டவில்லை. குழந்தை இருந்திருந்தால் நான் அதற்குத் தாய்மாமன், அவர் அதன் அப்பா, நடுவில் ஒரு வழி இருந்திருக்கும். இப்போது எதுவும் இல்லை. அக்காவின் கணவர் என்பதால் ஒருவர் எனக்கு அத்தான். கணவர் இல்லை என்றால் அவர் லிஃப்ட் சரிசெய்யும் ஒரு மனிதர். இது எவ்வளவு சுலபமான கணக்கு என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசியது. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எந்த முகாந்திரத்தில் போய்ப் பார்ப்பது?

முகாந்திரம் ஒன்று இருந்தது. படகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். அவர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தார். பிறகு உள்ளே போய் என் கன்ட்ரோலரை எடுத்துத் துடைத்து நீட்டினார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவரும் 'மாப்ளே' என்று சொல்லவில்லை. "இடது," என்றேன். "பிடி," என்றார்.

அக்காவிடம் நீச்சலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். துண்டு காய்ந்திருந்தால் சந்தேகம் வரும் என்று, கிளம்புமுன் அவர் குளியலறையில் துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு போவேன். அடுத்த வாரமும் போனேன். அதற்கு அடுத்த வாரமும்.

கடைசித் தெருவுக்கு வந்தோம். தெரு முடியும் இடத்தில் தாழ்ந்த பாலம். அதைத் தாண்டினால் மேடு. படகு தூணில் மோதாமலிருக்கத் துடுப்பை இடது பக்கம் மட்டும் போட வேண்டும். பாலத்தில் விளக்கு இடிக்காமலிருக்க அதை இறக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். முன்னால் இதைவிடக் கஷ்டமான இடங்களையெல்லாம் தாண்டியிருக்கிறோம்.

தாண்டவில்லை. சில நாள் அவர் தூணில் மோதினார். சில நாள் என் விளக்கு அணைந்தது. மாதங்கள் போயின.

என் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். விளக்கை நான் வேண்டுமென்றே தூக்கிப் பிடித்தேன். முதல் தடவை கை தானாகச் செய்தது. அதன்பின் நான் செய்தேன். பாலத்தைத் தாண்டிவிட்டால் விளையாட்டு முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக் கதவின் முன் நின்று என்ன சொல்வேன்? மக்கள் வாங்கும் விளையாட்டுகளை ஏன் முடிப்பதில்லை என்று எங்கள் கடைப் பையன்கள் பேசிக்கொள்வார்கள். நேரம் இல்லை, அலுத்துவிட்டது, அடுத்தது வந்துவிட்டது என்று. என் காரணத்தை அவர்களிடம் சொல்ல முடியாது. அவர் பாவம் ஒழுங்காகத் துடுப்புப் போடுகிறார், அவர் முடிக்க ஆசைப்பட்ட ஒரே விளையாட்டை நான் கெடுக்கிறேன் என்ற உறுத்தல் வேறு.

அப்படி ஒரு ஞாயிறு காலையில் அழைப்புமணி அடித்தது. அவர் போய்த் திறந்தார். வாசலில் அக்கா.

"தையல் மிஷின எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஓடுது. உங்க வீட்டுக்கு மட்டும் மூணு மாடி படி ஏறணும்."

"பார்ட் வரணும்," என்றார் அவர்.

"வரும், வரும்."

நான் எழுந்து நின்றேன். கையில் கன்ட்ரோலர். தோளில் இன்னும் நனைக்காத துண்டு.

"தண்ணி எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன் நிக்கிற? உக்காரு. எனக்கு எல்லாம் தெரியும். நீச்சல் குளத்துத் தண்ணின்னா மருந்து வாசம் அடிக்கும்டா. நீ கொண்டுவர்ற துண்டுல இவர் சோப்பு வாசம் அடிக்குது. இவர் துண்டை எத்தனை வருஷம் துவைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

டிவியில் மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா தன் பழைய இடத்தில், மிஷினுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில், உட்கார்ந்தாள்.

"ஆட்டத்தை முடிச்சிட்டு வாங்க. தூக்க ரெண்டு பேர் வேணும்."

உட்கார்ந்தோம். தெருமுனையிலிருந்து கிளம்பினோம். பாலம் வந்தது. படகு தூணில் மோதியது. மறுபடி. விளக்கு அணைந்தது. மறுபடி. தூண்.

"இன்னொருதடவ போங்க," என்றாள்.

தூண்.

"ஏங்க," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "அந்த இடத்துல துடுப்ப இடது பக்கம் போடணும்னு இங்க உக்காந்திருக்கிற எனக்கே தெரியுது. கண்ணு தெரியாத இடத்துல வடத்தைத் தடவிப் பாத்தே எது தேஞ்சிருக்குன்னு சொல்றவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் காது மடல் சிவந்திருந்தது.

"நீயும்தான். விளக்க எதுக்கு அப்படித் தூக்கிப் பிடிக்கிற? பாலத்துக்குத் திருஷ்டியா சுத்துற?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒருவர் பொய்யை இன்னொருவர் இவ்வளவு நாள் உண்மை என்று நம்பி, அதற்காக உள்ளுக்குள் வருத்தமும் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியது. இரண்டும் ஒரே விஷயத்துக்குத்தான்.

"முடிஞ்சா இவன் வர மாட்டான்," என்றார் அவர், அக்காவிடம். திருமணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுவல்ல. ஆனால் மறைக்காமல் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை என்கிட்ட இப்படி எப்பவாவது சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு, "சரி, போகட்டும். போங்க. நான் சொல்றேன்."

போனோம். "இடது," என்றாள் அக்கா. அவர் இடதுபுறம் துடுப்புப் போட்டார். "விளக்க இறக்கு." இறக்கினேன். "மெதுவா." பாலத்தின் அடிப்பக்கம் எங்கள் தலைக்குமேல் நகர்ந்து போனது. இருட்டு. அப்புறம் வெளிச்சம்.

மேட்டில் படகு தட்டியது. ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கையை ஆட்டிக்கொண்டு நின்றவளும் இறங்கினாள். கடைசியில் விளக்குப் பிடித்தவனும் துடுப்புப் போட்டவனும் எதிரெதிரே திரும்பி உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்களின் முதுகைத்தான் பார்த்திருந்தோம். பொழுது விடிந்தது. திரையில் விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின.

"அவ்ளோதானா?" என்றார் அவர்.

"அவ்ளோதான். முடிஞ்சா எல்லாம் அவ்ளோதான் இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆயிடலையே," என்றாள் அக்கா. எழுந்தாள். "இவன் இனிமே இங்க வர்றதுன்னா நேரா சொல்லிட்டு வரட்டும். தினம் துண்டு துவைக்க என்னால ஆகாது."

"வாரம் ஒருதடவதானேக்கா," என்றேன்.

"அதுவும் நானா?"

நான் டிவிக்குக் கீழே இருந்த தட்டுகளைப் பார்த்தேன். அத்தனை டிஸ்க்குகள். அத்தனை மலையடிவாரங்கள். இவ்வளவு காலம் அது அவருடைய குறை என்றே பார்த்திருந்தேன். அன்று பார்க்கும்போது அது அரிசிப் பானைபோல் தெரிந்தது. இன்னும் பல வருடங்களுக்கு வரும்.

"அடுத்த ஞாயிறு எது, அத்தான்?" என்று கேட்டேன்.

அந்தச் சொல் தானாக வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள், மறுக்கவில்லை. அவர் குனிந்து தட்டைத் துழாவினார். குனிந்தபடியே, "நீயே எடு, மாப்ளே," என்றார்.

மிஷினைத் தூக்கும்போது அவர் பெடலைக் காலால் ஒருதரம் மிதித்துக் காட்டினார். சத்தமே வரவில்லை.

"எப்ப சரிபண்ணீங்க?"

"நீ போனப்புறம்."

"ம்," என்றாள் அக்கா.

மூன்று மாடி. அவர் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம், பின்னால் அக்கா. "இடது," என்றாள். "மெதுவா. பிடி."

அவர்கள் மறுபடி சேரவில்லை. மூன்று வருடம் கழித்து அக்கா ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் திருமணம் செய்துகொண்டாள். நாள் முழுவதும் பேசுகிறவர், அவள் இப்போது கொஞ்சம் அமைதி கேட்கிறாள். அவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். தையல் மிஷின் அவளிடம் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வீட்டு லிஃப்டும் ஓடுகிறது. நான் அதே கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். மேல்தட்டை முடித்துவிட்டோம். கீழ்த்தட்டில் பாதி இருக்கிறது.