பேசினால் நிற்கும் கால்

மஞ்சள் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பெயர் பரீட்சையாம். பக்கவாதம் வந்து இடது கால் என் சொல்பேச்சுக் கேட்காமல் போனதிலிருந்து, யாரும் பார்க்காதபோது சுவரைப் பிடித்துப் பிடித்து ஒத்திகை பார்த்திருந்தேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் டிக்கெட் கிழித்தவன் நான். இந்தப் பிசியோதெரபிப் பெண் "தனியா நடக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்; நாளை முதல் கழிவறைக்கு மருமகள் நான் விழாமலிருக்க இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். மகன் வேலைக்குப் போன பிறகு வேறு ஆள் ஏது? அவள் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நிற்பாள். நான் உள்ளே மானம் போய் உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சங்கடத்தை மறைக்கத்தானோ என்னவோ, வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். வெயில், குழாயில் தண்ணீர் வராதது, கோடி வீட்டுப் பூனை குட்டி போட்டது. நான் வாயே திறக்க மாட்டேன். "மாமாவுக்கு என்னைக் கண்டாலே ஆகல" என்று அவள் என் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிடத் திமிர் பிடித்த கிழவன் என்று பேர் வாங்குவது எவ்வளவோ மேல்.

எழுந்தேன். கோடு வரை போனேன். கால் கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் வந்து சேர்ந்தேன். கூட வந்திருந்த மருமகள் சிரித்தாள்.

"நல்லா நடக்கறீங்களே. இன்னொரு தடவை நடங்க. நான் பேச்சுக் கொடுக்கறேன், பதில் சொல்லிட்டே வாங்க," என்றாள் அந்தப் பெண்.

குட்டு உடையப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"என்ன வேலை பாத்தீங்க?"

"கண்டக்டர்." கால் நின்றுவிட்டது.

"நடந்துக்கிட்டே சொல்லுங்க. எந்த ரூட்டு?"

வாயைத் திறந்தேன். மறுபடியும் நின்றது. பஸ்ஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கத்திக்கொண்டே போன வாய் இது. இப்போது ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

"பேசினா நடை நின்னுடுது. கவனம் சிதறினா விழுந்துடுவீங்க. இப்போதைக்குத் துணையில்லாம வேண்டாம்." மருமகள் பக்கம் திரும்பினாள். "அவர் நடக்கும்போது நீங்களும் பேச்சுக் கொடுக்காதீங்க."

மருமகள் முகம் என்னவோ போல் ஆனது. "அதான் பதில் சொல்லலையா மாமா?"

நான் தரையைப் பார்த்தேன். கூனிக் குறுகிப் போனேன்.

திரும்பும்போது ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் பட்டையைப் பிடித்தபடி சத்தமில்லாமல் வந்தாள். தன்மேல் ஏதோ தப்பு என்று இத்தனை நாளும் நினைத்திருப்பாள். நினைக்க விட்டவன் நான். என் மானத்தைக் காப்பாற்ற அவள் மனசை நோகடித்திருக்கிறேன்.

"ஹோல்டான்," என்றேன், பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் பழைய கண்டக்டர் குரலில். நின்றேன். அவளும் நின்றாள்.

"அந்தப் பூனை எத்தனை குட்டி போட்டுச்சு?"

"மூணு மாமா. ஒண்ணுக்கு மட்டும் ஒரு கால் வெள்ளை."

"கண்ணு தொறந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

பின்னால் தள்ளுவண்டியோடு வந்தவர் வழி விடச் சொல்வதுபோல் தொண்டையைக் கனைத்தார். மருமகள் பட்டையை விடவில்லை. நானும் நகரவில்லை.